நார்வே தாணுமாலயனும் வாசல் கரும்பலகையும்

நிற்கும் சார், இந்தப் பஸ் காலேஜ் வாசலிலேயே நிற்கும். உட்காருங்கள். அந்த ஃபைலை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே வைத்தால் எவனாவது முருங்கைக்காய்க் கட்டை அதன் மேல் போட்டுவிடுவான். முக்கால் மணி நேரம் ஆகும். இன்றைக்குத்தான் வேலையில் சேரப் போகிறீர்களா? எப்படித் தெரியும் என்று பார்க்காதீர்கள். தேய்த்த முழுக்கைச் சட்டை, சர்டிபிகேட் ஃபைல், இந்த வியர்வை. ஆவுடைத்தங்கம் கலைக் கல்லூரிக்கு முதல்நாள் வருகிற வாத்தியார் எல்லாருக்கும் இதே வியர்வைதான். மறுநாள் வியர்க்காது. அங்கே வியர்க்கிற மாதிரி வேலை எதுவும் கிடையாது.

என் பெயர் மாசானம். முப்பத்தாறு வருஷம் அங்கே அட்டெண்டராக இருந்தவன். ரிட்டயர் ஆகி நாலு வருஷம். ஆனாலும் ஒரு நாள்கூடப் போகாமல் இருந்ததில்லை. சம்பளம் கிடையாது. ஒரு டீ, அதுவும் அவர்களாகக் கொடுத்தால். எதற்குப் போனேன் என்றால், பலகை எழுத.

வாசலில் நுழைந்ததும் எதிரே எட்டடிக்கு நாலடி கரும்பலகை ஒன்று இருந்தது சார். இருந்தது என்கிறேன், கவனியுங்கள். இடதுபக்கம் 'கல்லூரிச் செய்திகள்', வலதுபக்கம் 'வரும் நிகழ்ச்சிகள்'. தினமும் காலை எட்டரைக்குக் கலர் சாக்பீஸில் எழுதிவிடுவேன். எழுதுகிற கை என் கைதான். எழுதுகிற விஷயமும்... சொல்லுகிறேன்.

மொத்தமே இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், ஆறு டிபார்ட்மெண்ட். அங்கே தினமும் என்ன செய்தி இருக்கும்? முதல் ரெண்டு வருஷம் உண்மையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். 'பொருளாதாரத் துறை மின்விசிறி பழுதுபார்க்கப்பட்டது.' 'பொருளாதாரத் துறை மின்விசிறி மீண்டும் பழுதடைந்தது.' ஒரு பிள்ளை நின்று படிக்காது. அப்புறம்தான் பார்த்தேன், செய்தி என்பதற்குக் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும், வாடிப்போய்க் கிடக்கிறதே என்று. தெளித்தேன். தத்துவத் துறை வகுப்பில் ஜன்னலோரம் ஒரு காக்கா மூன்று வருஷமாக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. அது உண்மை. 'தத்துவத் துறையில் அதிகபட்ச வருகைப்பதிவு: காகம், 92 விழுக்காடு' என்று எழுதினேன். அதுவும் உண்மைதான், நான் எண்ணினேன். அந்தத் துறைத் தலைவர் சண்டைக்கு வந்தார். 'அதுக்கு ஹால் டிக்கெட் கொடுத்தா சந்தோஷப்படுவீரோ?' என்று கேட்டார். கொடுத்திருந்தால் பாஸாகியிருக்கும் சார், சத்தியமாக.

அதற்கப்புறம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்று படித்தார்கள். நான் பொய் சொல்கிறவன் இல்லை. அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கொஞ்சம் முன்னாடியே எழுதிவிடுகிறவன், அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் லேபுக்கு நவநீதன் என்று ஒரு சின்ன வாத்தியார் வந்து சேர்ந்தார். நல்ல பையன்தான், யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார், போனைத்தான் பார்ப்பார். வந்த ஒரு மாசத்தில், 'சார், கரும்பலகை எல்லாம் எந்தக் காலம்? ஒரு டிவி மாட்டிருவோம், செய்தி தானா ஓடும்' என்று பிரின்சிபாலிடம் சொல்லியிருக்கிறார். பிரின்சிபால் வேலாயுதப்பெருமாள் சார் என்னைக் கூப்பிட்டு விட்டார்.

'என்னவே மாசானம், நீரு எழுதுறதுல பாதி நடக்கவே இல்லைங்காவளே?'

'மீதிப் பாதி நடந்திருக்குல்லா சார்.'

'இங்க பாரும். ஒம்ம பலகை இருக்கட்டும். ஆனா எழுதுனது நடக்கணும். ஒரே ஒரு நிகழ்ச்சி நடக்காமப் போச்சுன்னாலும் பலகையைக் கழத்தி ஸ்டோர் ரூம்ல போட்டுட்டு டிவி மாட்டிருவேன். அப்புறம் என்கிட்ட வரக் கூடாது.'

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். பலகை போய்விட்டால் நான் எந்தக் காரணத்தைச் சொல்லி அந்த கேட்டுக்குள் நுழைவேன்? வாட்ச்மேன் கேட்பானே! வீட்டில் மருமகள் காலை பத்து மணிக்கு ஆரம்பித்து ராத்திரி வரைக்கும் சீரியல் பார்க்கிறாள். அதில் யாரோ யாருக்கோ விஷம் வைக்கிறார்கள், ஆறு மாசமாக. குடிக்கவும் மாட்டேன் என்கிறான், கொட்டவும் மாட்டேன் என்கிறான். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குப் பொறுமை இல்லை.

அந்த வருஷம் தர மதிப்பீட்டுக் குழு வருகிற வருஷம். உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் வந்து கிரேடு போடுவார்கள். அதற்கு நிகழ்ச்சி வேண்டும், ஒவ்வொன்றுக்கும் போட்டோ வேண்டும், அறிக்கை வேண்டும். நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்றால், நாற்பது பிள்ளைகளைக் கருத்தரங்கக் கூடத்தில் உட்கார வைத்து, பின்னால் ஒரு பேனரைக் கட்டி போட்டோ எடுப்பார்கள். அதை அவிழ்த்து இன்னொன்றைக் கட்டுவார்கள். பின் வரிசை முன்னால் வரும், முன் வரிசை பின்னால் போகும். ஒரே மத்தியானத்தில் சுற்றுச்சூழல் தினம், நுகர்வோர் விழிப்புணர்வு, மகளிர் மேம்பாடு, இன்னும் நாலு. வரலாறு படிக்கிற இசக்கிராஜா என்று ஒரு பையன். ஏழு போட்டோவிலும் தூங்குகிறான். ஒரே மாதிரி வாயைத் திறந்து. குழு கேட்டால் தியானம் என்று சொல்ல ஏற்பாடு.

எல்லாம் சரியாகிவிட்டது. ஒரே ஒரு கட்டம் மட்டும் நிரம்பவில்லை. 'புகழ்பெற்ற முன்னாள் மாணவர்கள்' என்று ஒரு கட்டம். பத்துப் பேர் வேண்டுமாம். மூன்று நாள் ஸ்டாஃப் மீட்டிங் நடந்தது. நான்தான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். நாற்பத்தோரு வருஷத்தில் தேறியது மூன்று பேர். ஒருத்தர் பஞ்சாயத்துத் தலைவராகி ஒரே வருஷத்தில் பதவி போனவர். ஒருத்தர் பரோட்டாக் கடை வைத்திருப்பவர், உண்மையிலேயே புகழ்பெற்றவர், ஆனால் டிகிரியை முடிக்கவில்லை. மூன்றாவது ஆள் பேப்பரில் அடிக்கடி வருகிறவர், ஆனால் பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறார்.

பிரின்சிபால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை சார். முப்பத்தாறு வருஷம் சோறு போட்ட இடம். மறுநாள் காலையில் பலகையின் முன்னால் நின்று யோசித்தேன். ஆபீஸ் காலண்டரில் அந்த மாதம் நார்வே தேசத்துப் படம், மலையும் பனியுமாக. பச்சை சாக்பீஸை எடுத்தேன். 'நம் கல்லூரி முன்னாள் மாணவர் திரு. தாணுமாலயன், நார்வே அரசின் பனிக்கட்டி ஆலோசகராக நியமனம். 1994ஆம் ஆண்டு அணி. கல்லூரி பெருமிதம்.'

இடதுபக்கம்தான் எழுதினேன். செய்தியில். நிகழ்ச்சியில் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வந்தவர் வரலாற்றுத் துறைத் தலைவர் பால்வண்ணம் சார். வண்டியை ஸ்டாண்ட் போடாமலே நின்று படித்தார். 'யாருவே இது?' என்று கேட்பார், தமாஷ் என்று சொல்லிவிடலாம் என்று சிரிக்கத் தயாராக நின்றேன்.

'நம்ம தாணுவா!' என்றார்.

'சார்?'

'மூணாவது பெஞ்சு, ஜன்னலோரம். நீ பெரிய ஆளா வருவலேன்னு அன்னைக்கே சொன்னேன்வே. பனிமேல அவனுக்கு அப்பவே ஒரு இது.'

இந்த ஊரில் பனியை எங்கே பார்த்தான் என்று நான் கேட்கவில்லை. பெரியவர்கள் சொல்லும்போது குறுக்கே பேசக் கூடாது.

பத்து மணிக்குள் காலேஜ் முழுக்கத் தாணுதான். பொருளாதாரத் துறை, அவன் எங்கள் பையன் என்றது. வரலாற்றுத் துறை, எங்கள் பையன் என்றது. இரண்டு துறைக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோனது. ஆங்கிலத் துறை ஜெபரத்தினம் மேடம், 'ஆண்டுவிழா நாடகத்துல நான்தான் அவனுக்கு ராஜா வேஷம் கொடுத்தேன்' என்று கண் கலங்கினார்கள். அந்த அம்மாள் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம்தான் ஆகிறது. தொண்ணூற்று நாலில் அவர்களே பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். பிரின்சிபால் மட்டும் கொஞ்சம் நிதானம். 'அவனை ஒருநாள் வகுப்புக்கு வெளியே முட்டி போட வச்சேன். அதுதான் அவனைத் திருப்பிச்சு' என்றார். பழைய ரிஜிஸ்டரைப் பார்க்கலாம் என்று ஆபீஸில் யாரோ சொன்னார்கள். அந்த வருஷத்து ரிஜிஸ்டரைக் கரையான் தின்றிருந்தது. நல்ல கரையான்.

அதோடு நின்றிருந்தால் எந்த வம்பும் இல்லை. சாயங்காலம் பிரின்சிபால் வராந்தாவில் நின்று, 'ஏன்வே மாசானம், ஒமக்குத்தான் விவரம் தெரியுது. எப்ப வாரானாம்?' என்று கேட்டார். சுற்றி எல்லாரும் நிற்கிறார்கள். அத்தனை முகமும் என்னையே பார்க்கிறது சார். முப்பத்தாறு வருஷத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. 'டீ கொண்டா' என்று சொல்லும்போது முகத்தைப் பார்க்க மாட்டார்களே!

'வர்ற வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்கு' என்று சொல்லிவிட்டேன்.

'அப்ப எழுதும்' என்றார். வலதுபக்கம் எழுதினேன். எழுதி முடித்துச் சாக்பீஸைக் கீழே வைத்த பிறகுதான், நம் தலைக்கு நாமே கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டோம் என்று உறைத்தது. வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை என்றால் பலகை போச்சு.

வியாழக்கிழமை தப்பிக்கப் பார்த்தேன். 'தாணுமாலயனுக்குக் காய்ச்சல், நிகழ்ச்சி ஒத்திவைப்பு' என்று எழுதினேன். பிரின்சிபால் தன் கைக்குட்டையாலேயே அதை அழித்தார். 'பேனர் அடிச்சாச்சுவே! காய்ச்சல்னா மாத்திரையைப் போட்டுட்டு வரச் சொல்லும்!' பேனரைப் பார்த்தேன். கடைக்காரர் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரர் படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருந்தார். பால்வண்ணம் சார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, 'ஆளு கொஞ்சம் வெளுத்துட்டான். பனி ஊருல்லா. மூக்கு அதே மூக்கு' என்றார்.

வெள்ளிக்கிழமை. மேடையில் சால்வை, சந்தன மாலை, தாம்பாளத்தில் பழம். பிள்ளைகள் நாற்பது பேர். இசக்கிராஜா தூங்கிவிட்டான். பதினொன்று அடித்தது, பன்னிரண்டு அடித்தது. நான் கேட்டுக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எதற்கு நிற்கிறேன்? அவன் வர மாட்டான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் ஒரு கார் வந்தால் நெஞ்சு திக்கென்றது சார். ஒருவேளை வந்துவிட்டால்? பொய் சொன்னால் ஆகாது, எட்டிக்கூடப் பார்த்தேன். உரக் கம்பெனிக் கார்.

ஒரு மணிக்குப் பிரின்சிபால் எழுந்தார். 'அவர் வந்துட்டு இப்பத்தான் வெளியே போயிருக்காருன்னு வச்சுக்கிடுவோம்' என்றார். ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. உயரமான நாற்காலி ஒன்றை மேடையில் போட்டு, அதன் முதுகில் சால்வையைப் போர்த்தி, மாலையைத் தொங்கவிட்டு, பின்பக்கம் இருந்து போட்டோ எடுத்தார்கள். நாற்காலி பேசுகிறது, பிள்ளைகள் கேட்கிறார்கள். பிரமாதமாக வந்திருந்தது. எனக்கு உயிர் வந்தது. எழுதினது நடந்துவிட்டது, பலகை பிழைத்தது என்று இரண்டு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன், சுவரில் நாலு ஓட்டை. பலகை இல்லை.

ஓடினேன். பிரின்சிபால் ஒரு தாளை நீட்டினார். வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியின் அறிக்கை. தாணுமாலயனின் சிறப்புரையை ஜெபரத்தினம் மேடம் எழுதியிருந்தார்கள், இரண்டரைப் பக்கம். கடைசிப் பத்தியை நவநீதன் சேர்த்திருக்கிறார். 'நான் படித்த காலத்துக் கரும்பலகை இன்னும் வாசலில் இருப்பது கண்டு வேதனையுற்றேன். நார்வேயில் ஆட்டுப்பட்டியில்கூட டிஜிட்டல் திரை இருக்கிறது. என் தாய்க் கல்லூரியிலும் அதை நிறுவ வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.'

'அவ்வளவு தூரத்துல இருந்து வந்த பையன் கேக்கான், எப்படி மாட்டேம்பேன்?' என்கிறார் பிரின்சிபால்.

'சார், அவன் எப்ப வந்தான்?'

'போட்டோ இருக்குல்லா.'

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன் சார். 'அப்படி ஒருத்தனே கிடையாது. நான்தான் எழுதினேன். காலண்டரைப் பார்த்து எழுதினேன்' என்று. பால்வண்ணம் சார் எழுந்து வந்து என் தோளில் கையை வைத்தார். எவ்வளவு இரக்கம் தெரியுமா அந்தக் கண்ணில்!

'பலகை போச்சேன்னு வயித்தெரிச்சல்ல பேசுதீரு மாசானம். வளர்ந்த பையனைப் பார்த்துப் பொறாமைப்படக் கூடாதுவே.'

எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. பிரின்சிபால் மேல் இல்லை, நவநீதன் மேல் இல்லை. அந்தத் தாணுமாலயன் மேல்தான். யார் அவனுக்குப் பெயர் வைத்தது? யார் வேலை வாங்கிக் கொடுத்தது, அதுவும் நார்வேயில்? நான் இல்லாவிட்டால் அவன் எங்கே? இத்தனை செய்தவனுக்கு ஒரு போன் கிடையாது, வந்த இடத்தில் என் பலகையையே கழற்றச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நன்றி கெட்ட பயல்.

டிவியை மாட்டினார்கள். வாட்ச்மேன் முதல் நாளே, 'என்ன சோலியா வந்தீரு?' என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து தினமும் இந்தப் பஸ்ஸில் வந்து, எதிர்த்தாற்போல் டீக்கடையில் உட்கார்ந்து, அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு மணி வண்டியில் திரும்பிவிடுவேன்.

ஆனால் சார், ஒரு வழி திறந்திருக்கிறது. போன மாதம் காலேஜ் செக்ரட்டரி அம்மாளின் மச்சினர் தவறிவிட்டார். டிவியில் இரங்கல் செய்தி போட்டார்கள். பெயர் வந்தது, படம் வந்தது, ஆழ்ந்த இரங்கல் என்று வந்தது. உடனே பின்னாலேயே கலர் கலராகப் பலூன் பறந்து, ஹாப்பி பர்த்டே பாட்டும் வந்துவிட்டது. நவநீதனுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. செக்ரட்டரி அம்மாள் மாலையோடு நின்று அதைப் பார்த்தார்கள். பிரின்சிபாலுக்கு அன்றைக்குக் கிடைத்தது ஜென்மத்துக்கும் போதும். 'இனிமே சாவுச் செய்தி மட்டும் பழைய கரும்பலகையிலதான் எழுதணும், மாசானத்தைக் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்க' என்று உத்தரவு. கறுப்புப் பலகை, வெள்ளைச் சாக்பீஸ், இரண்டு நிமிஷம் மௌனம், அரை நாள் லீவு. அதுதானே முறை.

ஆக, யாராவது போனால் பலகை வெளியே வரும், நானும் உள்ளே போகலாம். ஒரு மாசமாகக் காத்திருக்கிறேன். ஒருத்தரும் போகவில்லை சார். எல்லாரும் வேப்பமரம் மாதிரி நிற்கிறார்கள். பால்வண்ணம் சார் ஒரு வாரம் இருமினார். நான் யாருக்கும் கெட்டது நினைக்கிறவன் இல்லை, இருந்தாலும் சாக்பீஸ் இரண்டு எடுத்து வைத்தேன். கஷாயம் குடித்துச் சரியாகிவிட்டார்.

நேற்றுத்தான் தோன்றியது. யாரோ ஏன் போக வேண்டும்? நான் கொண்டுவந்த ஆளை நானே அனுப்பிவிடலாமே! புகழ்பெற்ற முன்னாள் மாணவர், அரை நாளுக்குப் பதில் ஒரு நாளே லீவு விடுவார்கள். பத்து நாளாவது பலகை வாசலில் நிற்கும். பிறகு யார் கழற்றுவார்கள்? ஆனால் நான் சொன்னால் பொறாமை என்பார்கள். நீங்கள் புது ஆள். கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, 'உங்க நார்வே தாணுமாலயன் தவறிட்டாராமே, வழியில் கேள்விப்பட்டேன்' என்று ஒரு வார்த்தை. பொய் ஒன்றும் இல்லை, வழியில்தானே கேள்விப்படுகிறீர்கள்? பனியில் வழுக்கி என்று சொல்லுங்கள். ஏன் சார் முழிக்கிறீர்கள்? தாணுமாலயன் போய்விட்டான், நார்வேயில், பனியில் வழுக்கி. இவ்வளவுதான், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

என்ன கண்டக்டர் தம்பி, டிக்கெட் எல்லாம் எடுத்தாச்சு. என்ன? ஆமா, தாணுமாலயன்தான். ஆவுடைத்தங்கம் காலேஜ்தான். நீயும் அங்கேதான் படிச்சியா?

'ஐயோ! நம்ம தாணுவா? என்கூட ஒரே பெஞ்சுல்லா படிச்சான்!'

பாருங்கள் சார், உட்கார்ந்துவிட்டான். துண்டால் கண்ணைத் துடைக்கிறான். ஏய் தம்பி, உனக்கு முப்பது வயசுகூட இருக்காதே... சரி சரி, அழாதே, தண்ணி குடி. அங்கே என்ன, டிரைவரும் கேட்கிறாரே.

'ஏல, யாருல போயிட்டான்னு சொல்லுத?'

'நார்வே தாணுண்ணே! பனியில வழுக்கி விழுந்துட்டானாம்ணே!'

'அட சண்டாளா! போன பொங்கலுக்குக்கூட நம்ம வண்டியிலதானல வந்தான்! முன் சீட்டுல ஒக்காந்து பேசிக்கிட்டே வந்தான், கரும்புக் கட்டோட!'

வண்டியையே ஓரமாக நிறுத்திவிட்டார் பாருங்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம் சார், செய்தி நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

அது இருக்கட்டும். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறான். இதே வண்டியில் வந்திருக்கிறான். என்னை ஒரு எட்டு வந்து பார்க்கவில்லை, பார்த்தீர்களா?